ரயிலுக்கு டிஸ்க்!

டாஷண்ட் என்று ஒரு ஜாதி நாய். பார்த்திருப்பீர்கள். இரண்டு நாய்க்கான உடம்பு, அரை நாய்க்கான கால். தூரத்தில் வரும்போது யாரோ சோபா குஷனைக் கயிறு கட்டி இழுத்து வருகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் வந்து குரைத்தால்தான் நாய் என்று தெரியும். குரல் மட்டும் அல்சேஷன் சைஸ்!

இந்த உருவத்துக்கு ஜெர்மனிக்காரர்கள்தான் பொறுப்பு. ‘டாக்ஸ்’ என்பது அந்த ஊரில் வளை தோண்டி வாழும் ஒரு முரட்டுப் பிராணி. பார்ப்பதற்கு நம்ம ஊர்க் கீரிக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். ‘ஹுண்ட்’ என்றால் நாய். அந்தப் பிராணியை வளைக்குள்ளேயே போய் மடக்குவதற்காகக் கால் குட்டையாகவும் உடம்பு நீளமாகவும் இருக்கிற நாய்களாகப் பார்த்துப் பார்த்து இனம் சேர்த்தார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸில் சின்னமாகவே நிறுத்திவைத்தார்கள். முயல் துரத்தப் பிறந்த நம்ம சிப்பிப்பாறையும் கன்னியும் நெட்டைக் காலோடு நிற்பதற்கு நேர் எதிர்க் கட்சி.

இந்தக் குட்டைக் காலுக்கு ஒரு வட்டி உண்டு (நான் பி.காம். எனக்கு இப்படித்தான் சொல்ல வரும்). அந்த வட்டியை நாய் தன் முதுகெலும்பில் கட்டுகிறது. எங்கள் வீட்டில் அது 2023 ஆகஸ்டில், ஒரே ராத்திரியில் மொத்தமாக வசூலானது.

எங்கள் டாஷண்டின் பெயர் ரயில். என் மகள் வைத்தது. அப்போது அவனுக்கு வயது 5, எடை 9 கிலோ. ராத்திரி பத்து மணிக்கு பால்கனியில் ஒரு பூனையை உறுமித் துரத்திவிட்டுப் படுத்தவன், காலை ஐந்தரைக்கு எழுந்திருக்கப் பார்த்தான். முன்னங்கால் இரண்டும் புறப்பட்டன. பின்னங்கால் இரண்டும் வரவில்லை. இஞ்சின் கிளம்பி, கடைசிப் பெட்டிகள் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்ட மாதிரி. பின்னால் திரும்பிப் பார்த்தான். மறுபடி இழுத்துப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது. விட்டுவிடுகிறேன்.

அபார்ட்மென்ட்டில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, ஆலோசனை 24 மணி நேரமும் வரும். முதல் மாடி அக்கா, நல்லெண்ணெயைச் சூடு பண்ணி இடுப்பில் தேய்க்கச் சொன்னார். மூன்றாவது மாடி அங்கிள், தன் மூட்டு வலி மாத்திரையில் பாதியை உடைத்தே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். “எனக்கு அரை மணியில கேக்கும்ப்பா!”

என் மனைவி கையை நீட்டி அதை வாங்கி, பத்திரமாகக் குப்பையில் போட்டாள். நல்ல காரியம். ஐபுபுரோஃபென் மாதிரி மனுஷ வலி மாத்திரைகள் நாயின் வயிற்றில் புண் வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று அன்றைக்கே டாக்டர் சொன்னார். அதோடு, இப்படிப்பட்ட சமயத்தில் முதுகைத் தேய்ப்பதும் பிடித்துவிடுவதும் கூடவே கூடாதாம். ஒரு பலகையில் படுக்கவைத்து, ஆடாமல் அசையாமல் தூக்கிப் போக வேண்டும். எங்கள் வீட்டில் கோலம்போடும் பலகை இருந்தது. ரயில் ஆட்டோவில் பயணம் செய்தது.

பக்கத்து கிளினிக் டாக்டர் இரண்டே நிமிடம் பார்த்தார். “டிஸ்க் மாதிரி தெரியுது. இங்க வேணாம். சர்ஜன்கிட்ட போங்க. இப்பவே போங்க” என்று ஒரு விலாசம் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு போன் போட்டேன்.

“நாய்க்கு டிஸ்க்கா?” என்றார் அம்மா. “எனக்கு பதினஞ்சு வருஷமா டிஸ்க்குடா. குனிஞ்சா நிமிர முடியல. என்னைப் பலகையில வச்சு யாராவது தூக்கிட்டு ஓடினீங்களா?”

கேள்வி நியாயமானது. பதில் என்னிடம் இல்லை. சர்ஜன் அம்மாவிடம் இருந்தது. நாற்பதைத் தாண்டியவர், அதிகம் சிரிக்காதவர். அவர் ஆரம்பித்தது இப்படி:

“பூரணக் கொழுக்கட்டை சாப்பிட்டிருக்கீங்களா சார்?”

முதுகெலும்பின் ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவில் ஒரு கொழுக்கட்டை இருக்கிறது. அதுதான் டிஸ்க். வெளியே நார் நாரான மேல்மாவு, உள்ளே கொழகொழவென்று பூரணம். அதிர்ச்சி தாங்குவது அதன் வேலை. மற்ற நாய்களுக்கு இந்தப் பூரணம் வயதான காலம் வரை கொழகொழப்பாக இருக்கும். டாஷண்ட், பீகிள், பெக்கினீஸ், ஃபிரெஞ்ச் புல்டாக் வகையறாவுக்கு ஒரு வயது ஆகும்போதே காய ஆரம்பித்துவிடுகிறது. பிறகு சுண்ணாம்பும் ஏறுகிறது. எங்கள் பாஷையில் சொன்னால், வாங்கிய முதல் வருஷமே முக்கால்வாசி தேய்மானம்!

இதற்கு ஜீனில் காரணம் கண்டுபிடித்திருக்கிறார்கள். எஃப்.ஜி.எஃப்.4 என்று வளர்ச்சி சம்பந்தப்பட்ட ஒரு ஜீன். அதை யாரோ ஜெராக்ஸ் எடுத்துத் தப்பான ஃபைலில் செருகியது மாதிரி, இந்த ஜாதிகளில் ஒரு கூடுதல் நகல் இருக்கிறது. கால் குட்டையாவதற்குக் காரணமான நகலை 2009-ல் கண்டுபிடித்தார்கள். 12-வது குரோமோசோமில் இன்னொரு நகல் இருப்பதும், டிஸ்க்கை இளமையிலேயே கிழடாக்குவது அதுதான் என்பதும் 2017-ல் கலிஃபோர்னியாவில் தெரியவந்தது. டாஷண்டுகளில் ஐந்தில் ஒன்றாவது வாழ்நாளில் ஒரு தடவை இதில் மாட்டிக்கொள்கிறது.

காய்ந்த பூரணம் ஒருநாள் மேல்மாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. எங்கே மாவு மெல்லிசோ, அங்கேதான் கிழியும். விதியைப் பாருங்கள், டிஸ்க்கின் மேல்பக்கம்தான் மெல்லிசு. அதற்கு நேர் மேலேதான் எலும்புச் சுரங்கத்துக்குள் தண்டுவடம் ஓடுகிறது. ஒரு பட்டாணி நசுங்கும் அளவுக்குக்கூட அங்கே காலி இடம் கிடையாது. மார்பின் முக்கால் பகுதியில் விலா எலும்புகளை இணைக்கிற ஒரு நார் குறுக்கே ஓடி டிஸ்க்கைத் தடுத்து நிறுத்துகிறது. அந்த நார் முடிகிற இடத்துக்குப் பின்னால், மார்பும் இடுப்பும் சேருமிடத்தில்தான் பெரும்பாலான விபத்து.

“எங்க அம்மாவுக்கும் டிஸ்க்தான் டாக்டர். அவங்க நடக்கிறாங்களே?” என்று கேட்டேன். அம்மா கேட்கச் சொன்ன கேள்வி.

“மனுஷனுக்குத் தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிஞ்சிடும் சார். அதுக்குக் கீழ தனித்தனி நரம்புகள்தான். உங்கம்மாவுக்கு டிஸ்க் பிதுங்கினது அந்தக் கீழ்ப்பகுதியில. ஒரு நரம்பு நசுங்குது, கால் வலிக்குது. நாய்க்குத் தண்டுவடம் இடுப்போட கடைசிக்குப் பக்கத்துல வரைக்கும் போகும். அதனால இவனுக்கு அடி விழுந்தது ஒரு கிளையில இல்ல. மெயின் லைன்ல.”

மெயின் லைன் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. ரயில் வளர்க்கிறவன் அல்லவா?

அடுத்து பரிசோதனை. இந்த வியாதியை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். முதல் படி, வலி மட்டும். இரண்டாவது, நடக்கும், ஆனால் தள்ளாடும். மூன்றாவது, காலை அசைக்கும், நடக்க முடியாது. நான்காவது, காலில் அசைவே இல்லை, ஆனால் உணர்ச்சி இருக்கிறது. ஐந்தாவது, அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. ரயில் நான்கா, ஐந்தா என்பதுதான் கேள்வி.

டாக்டர் ரயிலின் பின்னங்கால் விரலை ஒரு இடுக்கியால் அழுத்தினார். கால் வெடுக்கென்று மடங்கியது. என் மகள், “அப்பா, காலை இழுத்துட்டான்!” என்று கத்தினாள். எனக்கும் போன உயிர் வந்தது.

டாக்டர் தலையாட்டினார். “இது கணக்கில்ல பாப்பா. இடுப்புக்கிட்ட இருக்கிற தண்டுவடமே, மேலே யாரையும் கேக்காம, தானா போடுற உத்தரவு இது. தண்டுவடம் நடுவுல துண்டாப் போயிருந்தாக்கூட கால் இப்படி மடங்கும். எனக்கு வேண்டியது காலோட பதில் இல்ல. தலையோட பதில்.”

மறுபடி அழுத்தினார். இன்னும் அழுத்தமாக. அறையில் சத்தமில்லை. ரயில் முன்பக்கம் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். ஒரு விநாடி. இரண்டு விநாடி. எங்களுக்கு அது ஒரு பட்ஜெட் உரை நீளத்துக்கு இருந்தது.

பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, டாக்டரின் கையைப் பார்த்து, உதட்டைத் தூக்கி, “உர்ர்ர்...” என்றான். அடுத்து கடிக்கவே பாய்ந்தான்.

டாக்டர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். “நல்ல செய்தி சார். வலிக்குது.”

என் முப்பத்தாறு வருஷத்தில், ‘வலிக்கிறது’ என்பதை நல்ல செய்தியாக ஒருவர் சொல்லிக் கேட்டது அப்போதுதான். ஆழமான வலியைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் தண்டுவடத்தில் ரொம்பப் பத்திரமான இடத்தில் இருக்கின்றன. எல்லாம் போன பிறகுதான் அவை போகும். அவை மிச்சமிருந்தால், ஆபரேஷனுக்குப் பிறகு நூற்றுக்குத் தொண்ணூறு நாய்களுக்கு மேல் எழுந்து நடக்கின்றன. அவையும் போய்விட்டால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அதிலும் சுமார் பத்தில் ஒன்றுக்குத் தண்டுவடமே உருக ஆரம்பித்து, அது மேலே மேலே ஏறி, சில நாளில் மூச்சையே நிறுத்திவிடும்.

“லேசான கேஸா இருந்தா கூண்டுல போட்டு, குறைஞ்சது நாலு வாரம் ரெஸ்ட், வலி மருந்து, அதுவே போதும்னு அனுப்பிடுவேன். இவனுக்கு அதை சிபாரிசு பண்ண மாட்டேன். இன்னிக்கு நாலாவது படி. நாளைக்கு அஞ்சா ஆகலாம்.”

செலவைச் சொன்னார். ஒரு நல்ல செகண்ட்ஹேண்ட் ஸ்கூட்டர் விலை. நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி மகளைப் பார்த்தாள். மகள் ரயிலைப் பார்த்தாள். ஓட்டெடுப்பு முடிந்தது. என் பழைய ஸ்கூட்டரே இன்னும் சில வருஷம் ஓடும் என்று தீர்மானம் நிறைவேறியது.

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தண்டுவடம் தெரியாது. அதனால் மயக்க மருந்து கொடுத்து சி.டி. ஸ்கேன். எம்.ஆர்.ஐ. இன்னும் துல்லியம், ஆனால் டாஷண்டின் பூரணத்தில் சுண்ணாம்பு இருப்பதால் சி.டி.யிலேயே பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்துவிடுமாம். தெரிந்தது. கடைசி மார்பு எலும்புக்கும் முதல் இடுப்பு எலும்புக்கும் நடுவே, இடது பக்கம். எந்தப் பக்கம் என்பது ரொம்ப முக்கியம். சுவரை இடிக்கப் போகிறார்கள்; தப்பான பக்கம் இடித்தால் பிரயோஜனமில்லை.

ஆபரேஷனின் பெயர் ஹெமிலாமினெக்டமி. ஒரு மூச்சில் சொல்ல முடிந்தால் உங்களுக்கு நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நாயைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகின் நடுவில் கீறி, தசையை எலும்பிலிருந்து ஒரு பக்கமாக ஒதுக்குகிறார்கள். பிறகு பல் டாக்டரிடம் இருப்பது மாதிரி, வேகமாகச் சுழலும் ஒரு டிரில். எலும்புச் சுரங்கத்தின் பக்கவாட்டுச் சுவரை அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுகிறார்கள். சூடு ஏறித் தண்டுவடத்தைத் தாக்காமலிருக்க, பக்கத்திலிருந்து ஒருவர் உப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்.

எத்தனை ஆழம் போய்விட்டோம் என்று எப்படித் தெரியும்? நிறத்தை வைத்து. எலும்பின் வெளி அடுக்கு வெள்ளை. நடு அடுக்கில் ரத்தம் ஓடுவதால் சிவப்பு. உள் அடுக்கு மறுபடி வெள்ளை. இரண்டாவது வெள்ளை தெரிந்ததும் டிரில் கிட்டத்தட்ட மூச்சை அடக்கிக்கொள்ளும். முட்டை ஓட்டுக் கனத்துக்குச் சீவி, மிச்சத்தைச் சின்னக் கருவியால் பெயர்த்தெடுத்தால் ஜன்னல் திறக்கும். உள்ளே தண்டுவடம். அதை ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டு பூரணம்.

அதைத் துளித்துளியாக வழித்தெடுக்க வேண்டும். பக்கத்திலேயே மெல்லிய ரத்தக்குழாய் ஒன்று ஓடுகிறது. பட்டால் கொப்பளித்து எதுவும் தெரியாமல் பண்ணிவிடும். தண்டுவடத்தை நகர்த்தக் கூடாது, தள்ளக் கூடாது. கழுத்தில் டிஸ்க் பிதுங்கினால் கதையே வேறு. அங்கே மேலிருந்து போகாமல், நாயை மல்லாத்தி, தொண்டைப் பக்கத்திலிருந்து எலும்பில் ஒரு வாய்க்கால் வெட்டிப் போவார்களாம்.

இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு வெளியே வந்த டாக்டர், ஒரு சின்ன பாட்டிலைக் காட்டினார். அடியில் காய்ந்த டூத்பேஸ்ட் மாதிரி, நறநறவென்று ஏதோ. கால் டீஸ்பூன்கூட இருக்காது. இவ்வளவுதானா! தாளிக்கிற கடுகு அளவு சமாச்சாரம் ஒன்பது கிலோ ரயிலை நிறுத்திவிட்டது.

“பக்கத்துல இருக்கிற சில டிஸ்க்லயும் சின்னதா ஓட்டை போட்டு, உள்ள இருந்ததைச் சுரண்டி எடுத்துட்டேன். நாளைக்கு அதுவும் வெடிக்கக் கூடாதுன்னு.”

வாராக் கடனுக்கு முன்கூட்டியே ஒதுக்கீடு! எனக்கு டாக்டர் மேல் மரியாதை கூடியது.

“தண்டுவடத்தை சரி பண்ணியாச்சா டாக்டர்?” என்றேன்.

“அதை யாராலயும் சரி பண்ண முடியாது சார். நான் அதைத் தொடவே இல்ல. அதுமேல உக்காந்திருந்ததை எடுத்தேன், அவ்வளவுதான். இடம் காலி. இனி எழுந்திருக்க வேண்டியது அதோட வேலை.”

ஆக, இத்தனை டிரில், இத்தனை ஸ்கேன், இத்தனை படிப்பு எல்லாம் ஒரு ஆக்கிரமிப்பு அகற்றம்! மிச்சத்தை உடம்பே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் செய்யப்படுகிற காரியம். டாக்டர்கள் இவ்வளவு அடக்கமாகப் பேசக்கூடியவர்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்தக் காத்திருக்கும் ஹாலில் இன்னொருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். மடியில் ஒரு பீகிள். அதுவும் முந்தின நாள்தான் விழுந்தது. ஆனால் இடுக்கியால் எவ்வளவு அழுத்தியும் அது திரும்பிப் பார்க்கவில்லையாம். வாலை ஆட்டக்கூட முடியாமல், முகத்தால் மட்டும் அவரிடம் கொஞ்சிக்கொண்டிருந்தது. “பாதிக்குப் பாதின்னு சொல்றாங்க சார். நீங்க என்ன பண்ணுவீங்க?” என்று என்னைக் கேட்டார். லாபநஷ்டக் கணக்கு படித்தவனுக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அவரே எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

ஆபரேஷன் டாக்டருக்கு இரண்டு மணி நேரம். எங்களுக்கு ஆறு வாரம். ரயில் கூண்டுக்குள். குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது, வாசல் மணி அடித்தால் குரைக்கலாம், அவ்வளவே. வெளியே எடுத்தால் வயிற்றுக்கடியில் ஒரு டவலைக் கொடுத்துத் தூக்கிப் பிடிக்க வேண்டும். புண் வராமல் திருப்பித் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை, மூத்திரப்பை. தண்டுவடம் விழித்துக்கொள்ளும் வரை அது தானாகக் காலியாகாது. ஒரு நாளைக்கு நாலு தடவை வயிற்றின் இரண்டு பக்கமும் கைவைத்து நிதானமாக அழுத்தி எடுக்க வேண்டும். டாக்டர் சொல்லிக் கொடுத்தார். எனக்கு வரவில்லை. மனைவிக்குப் பாதி வந்தது.

“நகருங்க” என்றார் அம்மா. மூன்று பிள்ளை வளர்த்த கை. முதல் அழுத்திலேயே வந்தது. அன்றிலிருந்து காலை ஆறு, பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பதினொன்று. காலண்டரில் பென்சிலால் டிக். குனிந்தால் நிமிர முடியாதவர், நாய்க்காக நாலு வேளை தரையில் உட்கார்ந்தார். நடுவில் எல்-ஃபோர், எல்-ஃபைவ் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பதினோராம் நாள் வால் நுனி ஆடியது. மூன்றாவது வாரம் குடிகாரன் மாதிரி நாலு அடி வைத்து, சுவரில் சாய்ந்தான். தையல் ஆறியதும் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி நடைப்பயிற்சி. ஆறாவது வாரம் ரயில் ஓடியது. கடைசி இரண்டு பெட்டி இன்றைக்கும் வளைவில் கொஞ்சம் ஆடும், அதனால் பரவாயில்லை. இப்போது எடை 8 கிலோ. கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பில் மாட்டும் பட்டை. சோபாவுக்கு ஒரு சறுக்குப் பலகை, அதே கோலப் பலகைதான்.

மூன்றாம் மாதச் செக்கப்பில் அந்த பீகிளையும் பார்த்தோம். பின்பக்கம் இரண்டு சக்கரம் வைத்த வண்டி கட்டியிருந்தார்கள். மருந்துக் கவுண்ட்டரில் மோதி, திரும்பி, என் மகள் மேல் ஏறியது. எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். “நடக்கல சார்” என்றார் அவர். “ஆனா ஓடுறான்.”

அந்தச் செக்கப்புக்கு அம்மாவும் வந்திருந்தார். ரயிலைப் பார்த்து முடித்த டாக்டரிடம் நைசாக ஆரம்பித்தார். “டாக்டரம்மா, எனக்கும் பதினஞ்சு வருஷமா இதே டிஸ்க்குதான். காலு ரெண்டும் ராத்திரி ஆனா...”

“ரொம்ப வலிக்குதாம்மா?”

“உசிரு போவுது!”

டாக்டர் சிரித்தார். “அப்ப நல்ல செய்திதாம்மா.”